தோல் இல்லாத தாளம்

பஞ்ச் பிரதர்ஸ் என்ற அமெரிக்க புளூகிராஸ் குழுவின் 'தி ஃபாஸ்ஃபரெசென்ட் ப்ளூஸ்' ஆல்பத்தைப் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். ஆனால் அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் திருமங்கலத்தில் இருக்கும் பெரியப்பா. அவர் தவில்காரர். இங்கிலீஷ் பாட்டே கேட்காதவர்.

புளூகிராஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கென்டக்கிக்காரர் பில் மன்றோ தன் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவோடு 1940களில் வாசித்த பாணிக்கு அந்தக் குழுவின் பேரே நிலைத்துவிட்டது. மாண்டலின், வயலின், பான்ஜோ, கிட்டார், டபுள் பாஸ், அவ்வளவுதான். பழைய முறைப்படி ட்ரம்ஸ் கிடையாது. பஞ்ச் பிரதர்ஸின் மாண்டலின்காரர் கிறிஸ் தீலியும் மற்ற நாலு பேரும் அதே ஐந்து வாத்தியத்தை வைத்துக்கொண்டுதான் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி பியானோவுக்கு எழுதியதைக்கூட இந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார்கள்.

முதல் பாட்டே பத்து நிமிஷத்துக்கு மேல். திண்ணையில் ஸ்பீக்கரை வைத்துப் போட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த பெரியப்பா ஒரு நிமிஷம் கழித்து நிமிர்ந்தார்.

"தோலே இல்லையேடா, தாளம் எங்கிட்டு இருந்து வருது?"

மாண்டலின்தான் பெரியப்பா என்றேன். நம்பவில்லை. மாண்டலின் என்றால் அவருக்கு ஸ்ரீநிவாஸ்தான், ராகம் வாசிக்கிற வாத்தியம். புளூகிராஸில் பாஸ் முதல் அடியைப் போட, மாண்டலின்காரர் அடுத்த அடியில் தந்தியை மீட்டிய கையோடு இடது கை விரல்களைத் தளர்த்திவிடுவார், நாதம் செத்து 'டக்' என்ற வெட்டு மட்டும் நிற்கும், அதற்கு அவர்கள் 'சாப்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பாவின் விரல் தொடையில் அந்த வெட்டைப் பிடித்துவிட்டது. நடுவில் பாட்டு வேகம் குறைந்து குரல்கள் மட்டும் மிதக்கிற இடத்திலும் அவர் கணக்கை விடவில்லை.

இந்த மாதிரிக் குழுக்களைப் பார்த்துப் பழமை பேசுகிறவர்கள் கேட்பது 'இது புளூகிராஸா?' என்றுதான். எத்தனை நுணுக்கம் சேர்த்தாலும் அந்த வெட்டு உயிரோடு இருக்கிறவரை இது புளூகிராஸ்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

நாலாவது பாட்டில் ட்ரம்ஸ் வந்தது. பெரியப்பாவின் விரல் நின்றுவிட்டது. "அடிக்க ஆள் வந்துட்டான், இனி மாண்டலின்காரனுக்கு என்ன வேலை?" இதுவரை அந்தப் பாட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த எனக்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. ஆல்பத்தின் பலவீனமான இடம் அது.

கிராமியில் 2016இல் அமெரிக்கானா ஆல்பம் பிரிவில் இதுவும் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது, விருது பாடகர் ஜேசன் இஸ்பெல்லுக்குப் போனது. இவர்களுடைய அடுத்த ஆல்பம் 'ஆல் அஷோர்' 2019இல் ஃபோக் பிரிவில் ஜெயித்தது. நல்ல ஆல்பம்தான், இருந்தாலும் இதுதான் எனக்கு ஒரு படி மேலே. கைக்குள் இருக்கும் சின்னத் திரையைத் தாண்டி மனுஷனும் மனுஷனும் எப்படிச் சேர்ந்து இருப்பது என்ற தவிப்பு ஆல்பம் முழுக்க ஓடுகிறது. அட்டையில்கூட முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு முத்தமிடும், ஓவியர் மக்ரீட் வரைந்த காதலர்கள்தான்.

பதினொரு பாட்டும் முடியும்வரை பெரியப்பா உட்காரவில்லை, பூசைக்கு நேரமாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த மொதப் பாட்டை மட்டும் ராத்திரி வந்து கேக்குறேன், அழிச்சிராத."