கூகுளில் பக்கமே வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

எழுதிப் போட்டு வாரக்கணக்காகியும் பக்கம் கூகுளில் தென்படவில்லை என்றால், கீவேர்டை (தேடல் சொல்லை) மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து, மேலே உள்ள பெட்டியில் பக்கத்தின் முழு முகவரியை ஒட்டி என்டர் தட்டுங்கள். இண்டெக்ஸில், அதாவது தேடலுக்காகக் கூகுள் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களில், இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடிக்கடி மாட்டுவது நோஇண்டெக்ஸ், அதாவது இந்தப் பக்கத்தை முடிவுகளில் காட்டாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு. வேர்ட்பிரஸ் அமைப்புகளில், வாசிப்புப் பகுதியில், தேடுபொறிகளைத் தவிர்க்கும் டிக் ஒன்று இருக்கிறது. தளம் கட்டும்போது போட்டதைப் பலர் எடுக்க மறந்துவிடுகிறார்கள். இதைவிடக் குழப்புவது ரோபோட்ஸ் கோப்பு (robots.txt), தளத்தில் எதைத் திறக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்வது. அதில் ஒரு பக்கத்தைத் தடுத்தால் கூகுள் அதைத் திறந்தே பார்க்காது. உள்ளே போட்ட நோஇண்டெக்ஸும் அதன் கண்ணில் படாது. வேறு தளங்கள் இணைப்புக் கொடுத்திருந்தால் வெறும் முகவரி மட்டும் முடிவுகளில் வந்து நிற்கலாம். மறைக்க வேண்டிய பக்கத்துக்கு நோஇண்டெக்ஸ் மட்டும் போதும், இரண்டையும் சேர்க்காதீர்கள்.

பக்கத்தின் நிரலுக்குள் எழுதும் கீவேர்ட் பட்டியலான மெட்டா கீவேர்ட்ஸில் நேரத்தை வீணாக்க வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

இண்டெக்ஸில் இருந்தும் கிளிக் இல்லையா? சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில், தேடல் முடிவுகளில் பக்கத்தின் சராசரி இடத்தைப் பாருங்கள். முதல் பத்துக்குள் இருந்தால் தலைப்பைத் திருத்துங்கள். 40-க்குப் பின்னால் என்றால் தலைப்பை நோண்டிப் பயனில்லை. தேடியவரின் கேள்விக்குப் பதில் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து விரித்து எழுதுங்கள், தளத்தின் மற்ற பக்கங்களிலிருந்தும் இணைப்புக் கொடுங்கள்.