ஆச்சியின் முறுக்கு உரலுக்கு ஒரு தட்டு: சின்ன சிஎன்சியில் அலுமினியம் வெட்டிப் பார்த்தது

ஆச்சியின் கல்யாணச் சீரில் வந்த பித்தளை முறுக்கு உரல் பாளையங்கோட்டை வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் தேன்குழல் தட்டு மட்டும் எப்போதோ தொலைந்துவிட்டது. உரலின் வாய்க்கு 52 மிமீ தட்டு வேண்டும். திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கினேன், ஒன்றும் பொருந்தவில்லை. என்னிடம் 3018 ரக சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் சின்ன மேசை இயந்திரம்) இருக்கிறது. 300 வாட், 12,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுற்று) ஸ்பிண்டில், அதாவது கட்டரைச் சுழற்றும் மோட்டார்; கட்டரைப் பிடித்துக்கொள்ள ஈஆர்11 காலட். மரமும் அக்ரிலிக்கும் மட்டுமே இதுவரை வெட்டியிருக்கிறேன். அலுமினியம்தானே, மெதுவாகப் போனால் வெட்டிவிடாதா என்று இறங்கினேன்.

அந்த "மெதுவாக" என்பதுதான் முதல் கட்டரைத் தின்றது.

முதல் ஞாயிறு. ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் வாங்கிய 4 மிமீ அலுமினியத் தகடு. கையில் இருந்த கட்டர் 3.175 மிமீ, நாலு ஃப்ளூட் (நாலு பல், ஒவ்வொன்றுக்கும் சீவல் வெளியேற ஒரு பள்ளம்), கறுப்புக் கோட்டிங் போட்ட கார்பைடு எண்ட் மில். பயத்தில் ஃபீடை (கட்டர் நகரும் வேகத்தை) நிமிஷத்துக்கு 150 மிமீ என்று வைத்து, ஒரு பாஸுக்கு (ஒரு தடவை ஓட்டத்துக்கு) 0.2 மிமீ மட்டும் இறக்கினேன். ஆரம்பத்திலேயே கிறீச்சென்று ஒரு சத்தம். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி பொடி வந்தது. அரை நிமிஷத்தில் சத்தம் மாறியது, தகட்டின் ஓரம் பிதுங்கியது, ஸ்பிண்டில் முனகி நின்றது.

கட்டரைக் கழற்றி, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நாலு பள்ளத்தில் மூன்று முழுக்க அடைந்து கிடந்தன. சூட்டில் இளகி ஒட்டிய அலுமினியம் பள்ளத்துக்குள் அடுக்கடுக்காக, மெழுகு வழிந்து இறுகியது போல இருந்தது. வெட்டும் முனையே கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் அலுமினியத்தாலேயே ஒரு மொட்டை முனை வளர்ந்திருந்தது. அந்த மொட்டை முனைதான் அவ்வளவு நேரமும் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று ராத்திரி கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஃபீடை, ஆர்பிஎம்மையும் ஃப்ளூட் எண்ணிக்கையையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால், ஒரு பல் ஒரு சுற்றில் எடுக்கும் சீவலின் தடிமன் கிடைக்கும். 150ஐ 48,000ஆல் வகுத்தால் 0.003 மிமீ. மூன்று மைக்ரான். கார்பைடு முனை எவ்வளவு கூராக இருந்தாலும் அதற்கும் சில மைக்ரான் வளைவு உண்டு. அதைவிட மெல்லிய சீவலை அதனால் ஒழுங்காக எடுக்க முடியாது, உலோகத்தை அமுக்கிக்கொண்டு மேலே வழுக்கிப் போகும். அந்த உரசல் முழுக்கச் சூடாகிறது. சீவல் தடிமனாக இருந்தால் சூட்டை அது தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். பொடியால் அது முடியாது. ஆக, நான் மெதுவாகப் போகப் போக கட்டருக்குத்தான் கேடு.

கோட்டிங்கும் எனக்கு எதிராகவே இருந்தது. எஃகுக்காகப் போடும் அந்தக் கறுப்புப் பூச்சு டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு. அதிலேயே அலுமினியம் இருப்பதால் தகட்டு அலுமினியம் அதில் எளிதாக ஒட்டும். அலுமினியத்துக்குப் பூச்சே இல்லாத, மெருகேற்றிய பளபளப்பான கார்பைடு போதும். பூச்சு வேண்டுமென்றால் சிர்கோனியம் நைட்ரைடோ டிஎல்சியோ (வைரம் போன்ற கார்பன் பூச்சு) பார்க்கலாம்.

அடைந்த கட்டரை மீட்க ஒரு வழி இருக்கிறது. காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் அலுமினியம் கரையும், கார்பைடு அப்படியே இருக்கும். போட்டதும் நுரைத்துப் பொங்கும். வருவது ஹைட்ரஜன், தீப்பிடிக்கக் கூடியது. மொட்டை மாடியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் டப்பாவில் செய்தேன். சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

அடுத்து வாங்கியது 3.175 மிமீ, ஒற்றை ஃப்ளூட், பூச்சு இல்லாதது. ஒரே பல் என்பதால் அதே ஃபீடில் சீவல் நாலு மடங்கு தடிமனாகும், சீவல் வெளியேறப் பள்ளமும் அகலம். எங்களைப் போல 12,000க்குக் கீழே வேகத்தை இறக்க முடியாதவர்களுக்கு (இறக்கினால் இந்த ஸ்பிண்டிலில் விசை போய்விடும்) இதுதான் சரியான கட்டர். தகட்டையும் மாற்றினேன். ஆக்கர் கடைத் தகடு மெத்தென்றிருந்தது, வெட்டும்போது சவ்வு மாதிரி இழுபட்டது. அதில் என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது, சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகாது. கோயம்புத்தூரிலிருந்து 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் துண்டு வரவழைத்தேன். கடினமானதாயிற்றே என்று பயந்தேன், ஆனால் வெட்டுவதற்கு இதுதான் சுத்தம்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டதற்கு, "மண்ணெண்ணெ விடுங்க தம்பி. பொறவு சத்தத்தக் கேளுங்க. கிறீச்சுன்னா தேய்க்கி. வெட்டுனா சர்ருனு வரும்" என்றார். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுவது பட்டறைகளில் பழைய வழக்கம்தான். நான் தாராளமாக ஊற்றிவிட்டேன். தகட்டை எம்டிஎஃப் பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் ஃபெவிக்விக் விட்டு நிறுத்தியிருந்தேன். மண்ணெண்ணெய் டேப் பசைக்குள் இறங்கி, ஆறாவது பாஸில் தகடு நழுவி, கட்டர் டக்கென்று ஒடிந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

அப்போதுதான் ஆச்சி மச்சுக்கு வந்தாள். "ஏல, இதுலயா மாவு பிழியப் போற? மண்ணெண்ணெ வீச்சம் ஊரையே தூக்குது."

"சோப்புப் போட்டுக் கழுவுனா போயிரும் ஆச்சி."

"எனக்குப் போவாது" என்று கீழே போனவள், தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு திரும்பி வந்தாள். "இத விடு. வயித்துக்குள்ள போனாலும் ஒண்ணும் செய்யாது."

விட்டுப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்கிறது. கட்டரில் அலுமினியம் ஒட்டாமல் இருக்க ஒரு மெல்லிய படலம் போதும், பாஸுக்கு ரெண்டு சொட்டு. கூடினால் சீவல் குழம்பாகி வெட்டிய பள்ளத்திலேயே தங்கிவிடும், அதையே கட்டர் திரும்பத் திரும்ப அரைக்கும். அதற்காக மீன் தொட்டி ஏர் பம்பின் குழாயைக் கட்டர் பக்கத்தில் கட்டிவைத்தேன். காற்று போதாத இடத்தில் பிரஷ்ஷால் தள்ளினேன். மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்திருந்தால் கொஞ்சம் வெயிலில் வைத்து எடுக்கிறேன்.

தகட்டை நிறுத்துவதற்கு இப்போது டேப் கிடையாது. முதலில் நாலு மூலையிலும் திருகி, தேன்குழலுக்கான மூன்று ஓட்டைகளையும் வெட்டுகிறேன். பிறகு அந்த ஓட்டைகள் வழியாகவே வாஷரோடு பலகையில் திருகிவிட்டு வெளிவட்டத்தை வெட்டுகிறேன். கடைசி பாஸில் வட்டம் தனியாக விடுபட்டாலும் அசையாது.

இன்னொரு பெரிய வித்தியாசம் கட்டர் காலட்டுக்கு வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதில் வந்தது. முன்பு 24 மிமீ நீட்டியிருந்தேன். 14க்குக் குறைத்தேன். வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவது, அதனால் கட்டர் வளைவது ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. வெட்டிய பள்ளத்தின் சுவரில் இருந்த அலைஅலையான கோடுகள் அன்றோடு மறைந்தன.

இப்போது ஓடுகிற செட்டிங்: 12,000 ஆர்பிஎம், ஃபீட் 300, பாஸுக்கு 0.25 மிமீ ஆழம். சீவல் 0.025 மிமீ. கட்டரை நேராகக் குத்தி இறக்குவதில்லை, வெளிவட்டத்தில் சரிவாகவும் ஓட்டையில் திருகுச் சுற்றாகவும் இறக்குகிறேன். பள்ளத்தைக் கட்டர் அகலத்துக்கே விடாமல் இரண்டாவது சுற்றுப் போட்டு 4 மிமீ ஆக்கியது சீவல் வெளியேற மிகவும் உதவியது. இயந்திரத்தின் திருகில் கொஞ்சம் தளர்ச்சி இருப்பதால் பெருவெட்டைக் கன்வென்ஷனல் திசையில் (பல் ஃபீடுக்கு எதிராகச் சுழலும்படி) ஓட்டி, சுவரில் 0.15 மிமீ மிச்சம் வைத்து, கடைசியில் ஒரே சுற்றில் முழு ஆழத்துக்கும் கிளைம்ப் திசையில் (பல் ஃபீடோடு சேர்ந்து சுழலும்படி) வெட்டுகிறேன். இங்கே ஃபீட் 600. பக்கவாட்டில் இவ்வளவு கொஞ்சமாக எடுக்கும்போது சீவல் தானாகவே பாதிக்கும் கீழே மெலிந்துவிடும், பழைய ஃபீடிலேயே விட்டால் மறுபடி உரசல்தான்.

ஆறாவது ஞாயிறு, வெளிவட்டம் இருபது நிமிஷத்தில் வந்தது. சீவல்கள் வெள்ளிச் செதில் மாதிரி தெறித்து மேசையெல்லாம் மினுங்கின. நின்றதும் தகட்டைத் தொட்டேன், வெதுவெதுப்புக்கூட இல்லை. சத்தமும் லேத் அண்ணன் சொன்ன சர்ரேதான்.

பிசிறு எடுக்க மட்டும் ஒரு மணி நேரம் செலவழித்தேன். சாப்பாட்டில் உலோகத் துணுக்கு விழக்கூடாது, இதில் அவசரமே ஆகாது. ஓட்டையின் மாவு இறங்கும் பக்கத்தைச் சாய்த்து, ஊசி அரத்தால் தேய்த்து, பஞ்சை ஓட்டை ஓட்டையாக இழுத்துப் பார்த்தேன். பஞ்சு எங்கும் சிக்காத வரை திரும்பத் திரும்பத் தேய்த்தேன். சோப்பில் இரண்டு தரம் கழுவி, முதல் ஈடு மாவைப் பிழிந்து தூரப் போட்டோம். இரண்டாவது ஈடு எண்ணெயில் விழுந்ததும் ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உரலைப் போல இதையும் புளி போட்டு விளக்க வேண்டாம், அலுமினியம் மங்கிப்போகும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி முள்ளு முறுக்குத் தட்டு. நட்சத்திர ஓட்டையின் உள்மூலை கட்டரின் ஆரத்தைவிடக் கூராக வராது, அதனால் 1 மிமீ ஒற்றை ஃப்ளூட் வாங்கியிருக்கிறேன். சீவல் 0.007 என்று வைத்தால் ஃபீட் 84, ஆழம் 0.05லிருந்து தொடங்குகிறேன். மிச்ச மூலைக்கு முக்கோண அரம்.