கீழ்வீட்டில் அக்டோபர்

அக்டோபர் 7, திங்கள்

காலையில் டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வண்டி வந்தது. பெரியவர் ஏறவில்லை. டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு முட்டை இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு பொரித்துக் கொடுத்தேன். உப்புப் போடச் சொன்னார். நான் இந்த வீட்டு மாடிக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது, அவர் உப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

போட்டேன்.

அக்டோபர் 8

இரவு ஒன்பது மணிக்குக் கீழே ஸ்பீக்கர் போன். "ஒன்று." ஒரு இடைவெளி. "மூன்று." அப்புறம் பெரியவர், "நான்கு." பிறகு "ஐந்து." அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கும். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

குடிவந்த புதிதில் ஒருமுறை கேட்டேன், இரண்டு ஏன் விட்டுப்போகிறது என்று. "இரண்டு வியட்நாமில் இருக்கிறான், மகனே. 1967-லிருந்து" என்றார். இருந்தான் என்று அவர் சொல்லவில்லை.

பால்டிமோரில் இரவு ஒன்பது என்றால் திருநெல்வேலியில் காலை ஆறரை. அங்கே என் பழைய விடுதி நண்பன் எழுந்திருப்பான்.

அக்டோபர் 9, புதன்

லேபுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்த நர்ஸ் அம்மா என்னைத் தனியாக அழைத்து, ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்றார். கால் வீங்கும், மூச்சு வாங்கும், தூக்கம் கூடும். படுக்கவைக்காதீர்கள், சாய்த்து உட்காரவையுங்கள் என்றார். குறித்துக்கொண்டேன். நான் குடித்தனக்காரன். இருந்தாலும் என்னிடம்தான் சொன்னார். வீட்டில் வேறு யாரும் இல்லை என்று நினைத்திருப்பார்.

மதியத்துக்குள் அந்த நினைப்புப் பொய்யாகிவிட்டது. ஒன்றாமவர் வந்தார், குட்டையான மனிதர், கையில் பெரிய நோட்டு. திங்கள் யார், செவ்வாய் யார், ராத்திரிக்கு யார் என்று முறை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். எண்பது வயதுக்காரர்கள் ராத்திரி முறை எடுக்கிறார்கள். என் பெயரையும் வியாழன் காலைக்குப் போட்டிருந்தார், என்னைக் கேட்காமலே. அதைப் பார்த்துத் தொண்டை அடைத்தது, ஏன் என்று தெரியவில்லை.

ஐந்தாமவர் நெட்டை. வரிசையே உயரப்படிதான், குட்டையானவர் முன்னால், நெட்டையானவர் கடைசியில். 1964-ல் கல்லூரிச் சங்கத்தில் ஐந்து பேராகச் சேர்ந்தபோது நிறுத்திவைத்த வரிசை அது. இன்றைக்கும் வாசலில் நுழையும்போது ஒருவர் பின் ஒருவராக அப்படியேதான் வருகிறார்கள். ஐந்தாமவர் வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து, பெரியவருக்குச் சவரம் செய்தார். கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, மூக்குக்குக் கீழே வரும்போது தன் மூச்சையும் பிடித்துக்கொள்கிறார். சின்னச் சின்ன இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் பிளேடை வெந்நீரில் முக்கித் துண்டில் துடைக்கிறார். அரை மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை.

நர்ஸ் போகும்போது, "இவர்கள் எல்லாம் பிரட்டர்னிட்டியா?" என்று கேட்டார். கண்ணை மூடிக் கிடந்த பெரியவர் திறந்தார். "ஃபெல்லோஷிப்" என்றார். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். கறுப்பின மாணவர்களுக்கு 1906-லிருந்தே பிரட்டர்னிட்டி எனப்படும் கிரேக்க எழுத்துச் சங்கங்கள் உண்டு, பெரிய பெயர், பெரிய மனிதர்கள். அவை இருக்கும்போதே, மார்கன் ஸ்டேட் கல்லூரியில் சில பையன்கள் 1962-ல் தனியாக 'க்ரூவ் ஃபை க்ரூவ்' தொடங்கினார்கள். சோஷியல் ஃபெல்லோஷிப் என்றே பெயர் வைத்தார்கள். யாருடைய நகலாகவும் இருக்க வேண்டாம் என்பதுதான் விஷயம் என்பார் பெரியவர்.

மூன்றாமவர் இன்னும் வரவில்லை. அட்லாண்டா. விமானம் ஏறக் கூடாதாம். பெரியவர் கேட்கவில்லை, ஆனால் வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் பார்க்கிறார்.

அக்டோபர் 10

அவனுக்கு இன்றும் போன் செய்யவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

அம்மா அழைத்தாள். சரஸ்வதி பூஜை, புத்தகம் வைத்தாயா என்றாள். வைத்தேன் என்று பொய் சொன்னேன். பிறகு மனசு கேட்காமல் கீழே போய், பெரியவரின் மேசையிலிருந்த பழைய ஆல்பத்தைத் துடைத்து, மேலே ஒரு பூ வைத்தேன். என்ன என்று கேட்டார். சொன்னேன். ஆல்பத்தைத் தன் மடியில் வைக்கச் சொன்னார்.

ஒரு படத்தில் ஒல்லிப் பையன்கள், குளிர் கோட்டு, தியேட்டர் வாசல். பிப்ரவரி 1963. கல்லூரிக்குப் பக்கத்திலேயே நார்த்வுட் தியேட்டர். கறுப்பர்களுக்கு டிக்கெட் கிடையாது. 1955-லிருந்தே மார்கன் மாணவர்கள் அந்தக் கடைவீதியில் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த பிப்ரவரியில் நூற்றுக்கணக்கில் போய்க் கைதானார்கள். சிறையில் இடம் போதவில்லை. முதலாண்டு மாணவரான பெரியவருக்கும் படுக்க இடமில்லை, சுவரும் கிடைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் முதுகைத் திருப்பிக் காட்டி, சாய்ந்துகொள் என்றானாம். இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அவர்தான் பின்னால் மூன்றாமவர் ஆனார்.

ஒரு வாரத்தில் தியேட்டர் பணிந்துவிட்டது. நான் முட்டை வாங்கும் லிடில் கடை இன்று அதே நார்த்வுட்டில்தான் இருக்கிறது. இத்தனை நாளாகப் போய்வருகிறேன், தெரியாது.

சாயங்காலம் ஒரு அம்மாள் பெரிய தட்டில் மக்கரோனி சீஸும் கீரையும் கொண்டுவந்தார். 'ஸ்விங் ஃபை ஸ்விங்', இவர்களுக்குச் சகோதரி மாதிரியான பெண்கள் சங்கம், 1969-ல் வின்ஸ்டன் சேலத்தில் தொடங்கியது. பெரியவர் ஒரு கரண்டி சாப்பிட்டார். மீதியை என்னைச் சாப்பிட வைத்து, நான் முடிக்கும்வரை அந்த அம்மாள் நகரவில்லை.

அக்டோபர் 12, சனி

அவர்களுடைய சங்கம் தொடங்கிய நாள். அறுபத்திரண்டு வருடம்.

விடிந்ததும் ஜாக்கெட் கேட்டார். கறுப்பு, வெள்ளை எழுத்து. கையை நுழைக்க முடியவில்லை, அவ்வளவு வீக்கம். போர்வை மாதிரி தோளில் போட்டோம். மதியம் இளம் பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள், இப்போது படிப்பவர்கள். அவர்களில் யாரையும் பெரியவருக்குத் தெரியாது. ஒவ்வொருவனாகக் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான், அவரும் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்கக் கூடியதும் அல்ல. சமையலறைக்குப் போய்விட்டேன். ஒரு பையன் வந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தான். கண் துடைத்துக்கொண்டே தேய்த்தான்.

எங்கள் விடுதி அறையிலும் நான்கு பேர். சாகும்வரை என்று சொல்லித்தான் பிரிந்தோம். அவன் அப்பா இறந்தபோது நான் போகவில்லை. செமஸ்டர், டிக்கெட் விலை. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு போன்? அதற்கு என்ன டிக்கெட்? இரண்டு வரி மெசேஜ் அனுப்பினேன். அவன் பதில் போடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டேன்.

அக்டோபர் 13

தூக்கம். நடுவில் விழித்து, "மான்டபெல்லோ சுற்றி வந்தாச்சா?" என்றார். ஏரியைச் சுற்றித் தினமும் நடந்தவர். வந்தாச்சு என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

மூன்றாமவர் ரயிலில் வருகிறார். ஐந்தாமவருக்கு இருட்டில் ஓட்ட முடியாது என்பதால் பென் ஸ்டேஷனுக்கு நான் போனேன். ஊன்றுகோல், ஒரு பை, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த முகம். காரில் ஒரே கேள்விதான் கேட்டார்: "படுத்திருக்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா?" உட்காரவைத்தால்தான் மூச்சு விடுகிறார், தலையணை நழுவிக்கொண்டே இருக்கிறது என்றேன்.

வந்ததும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. ஷூவைக் கழற்றினார். தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டார். கட்டிலில் ஏறி, பெரியவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மெல்லப் பின்னால் நகர்ந்தார். முதுகோடு முதுகு பட்டது. பெரியவர் தலை பின்னால் சரிந்து அவர் பிடரியில் தங்கியது. மூச்சின் கரகரப்புக் கொஞ்சம் அடங்கியது.

"சுவர் கிடைச்சாச்சா?" என்றார் மூன்றாமவர்.

பெரியவர் கண்ணைத் திறக்காமல் ஆமாம் என்று தலையசைத்தார்.

ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். இடுப்பு வலிக்கும், நான் மாற்றிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

ஒன்பது மணிக்கு இன்று போன் இல்லை. எல்லோரும் அறையிலேயே இருந்தார்கள். ஒன்று. இடைவெளி. மூன்று. பெரியவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காத்திருந்தார்கள். நானும் மாடிப்படியில் காத்திருந்தேன். கடைசியில் மூச்சோடு வந்தது: "நான்கு."

அக்டோபர் 15

காலை ஆறரைக்கு அவனை அழைத்தேன், அவன் ஊர் நேரம். மணி போய்க்கொண்டே இருந்தது.

அக்டோபர் 16, புதன்

சிறுநீர் இல்லை. கூப்பிட்டால் விழிப்பதில்லை. மூன்றாமவர் சாப்பிட மட்டும் இறங்குகிறார், அந்த நேரம் ஒன்றாமவர் முதுகு கொடுக்கிறார். உயரம் போதாமல் கீழே இரண்டு தலையணை போட்டுக்கொள்கிறார்.

சவர பிளேடு தீர்ந்துவிட்டது. ஐந்தாமவர் வாங்கிவரச் சொன்னார், நாளைக்கும் சேர்த்து.