தண்ணீர் நிற்பது ஒரு வீட்டில், வருவது இன்னொரு வீட்டிலிருந்து: தெரு வடிகாலுக்குப் பணம் பிரித்த அனுபவம்

நமக்கு நாமே திட்டத்தில் தெருவுக்கு மழைநீர் வடிகால் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்புங்கள், நடக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 1997-இல் வந்து, நடுவில் நின்று, 2021-இல் நகரங்களுக்குத் திரும்பி வந்த திட்டம். மனு, கவுன்சிலரைப் பார்ப்பது, பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போடுவது எல்லாம் பெரிதாகப் படுத்தவில்லை. அந்த மூன்றில் ஒரு பங்கை யாரிடம் எவ்வளவு வாங்குவது என்பதில்தான் எங்கள் தெருவே இரண்டானது. வாங்கிய பணத்தை மாநகராட்சி அலுவலகத்தில் சரியான கணக்கில் சேர்ப்பது அடுத்த கூத்து.

சேலத்தில் திருமணிமுத்தாற்றுப் பக்கமாகச் சரிந்து இறங்கும் தெரு எங்களுடையது. மேல் முனையில் ஒரு கல்யாண மண்டபம், நடுவில் ஒரு கொலுசுப் பட்டறை, மற்றதெல்லாம் வீடுகள். மழை பெய்தால் தண்ணீர் நிற்பது கீழ்க்கோடியில் உள்ள சில வீடுகளில் மட்டும். அதில் எங்களுடையதும் ஒன்று, அதனால் நான் நடுநிலையாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்ததுமே மேட்டு வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "என் வாசல்ல ஒரு சொட்டு நிக்கறதில்லைங்க. நான் எதுக்குக் கட்டணும்?" இன்னொரு அம்மா, "சொத்து வரி கட்டறோம், பாதாள சாக்கடைக்குத் தனியா கட்டறோம், இதுக்கும் நாங்களேவா?" என்றார். இந்தக் கேள்வி உங்கள் தெருவிலும் வரும், பதிலைக் கையில் வைத்திருங்கள். பாதாள சாக்கடைக் கட்டணம் கழிவுநீருக்கானது, அந்தக் குழாயில் மழைநீரை விடவே கூடாது. சொத்து வரியோ கட்டடத்தின் பரப்பையும் இடத்தின் மதிப்பையும் பார்க்கும். முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டு எவ்வளவு தண்ணீரைத் தெருவில் தள்ளுகிறீர்கள் என்று அது கேட்பதில்லை.

ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவரின் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே மழைநீருக்கென்றே தனிக் கட்டணம் உண்டாம். கூரை, சிமெண்ட் தரை என மழை இறங்காத பரப்பில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். தண்ணீர் இறங்கும் கல் பதித்தால், கூரைமேல் செடி வளர்த்தால் தள்ளுபடி. நானும் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரம் 1970-களிலேயே இப்படி வாங்க ஆரம்பித்திருக்கிறது. அங்கே பல ஊர்களில் ஒரு சராசரி வீட்டின் கான்கிரீட் பரப்பை ஓர் அலகாக வைத்து, கடைக்கு இத்தனை அலகு, சர்ச்சுக்கு இத்தனை அலகு என்று கணக்கிடுகிறார்கள். வரி இல்லை, கட்டணம் என்பதால் வரிவிலக்கு உள்ளவர்களும் கட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் ஒரு கணக்கை மட்டும் சொன்னேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி சிமெண்ட் தரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 4,600 லிட்டர். மேட்டு வீட்டு வாசலில் தண்ணீர் நிற்காததற்குக் காரணம், அது எங்கள் வாசலுக்கு வந்துவிடுவதுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உட்கார்ந்தார்.

அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். கூரை, சிமெண்ட் முற்றம், கார் நிறுத்தும் இடம் எல்லாம் கூட்டி, அந்தச் சதுர அடிக்கு ஏற்பப் பங்கு என்று முடிவு செய்தோம். வேலை செய்யும் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகும் கூரையைக் கழித்துக்கொள்வதாக ஒப்பந்தம். 2003-இல் கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழாய் வைத்தார்கள்தான். மேலிருந்து இரண்டு குடம் ஊற்றிப் பார்த்ததில் பல வீட்டுத் தண்ணீர் நேராகத் தெருவில் வந்து விழுந்தது! ஒரு வீட்டில் தொட்டியையே காணோம், அதன்மேல் பைக் நிற்கிறது. வாய்வார்த்தையை நம்பாமல் ஊற்றிப் பாருங்கள்.

பெரிய சண்டை மண்டபத்தோடுதான். அதன் கார் நிறுத்துமிடம் மட்டுமே பல வீடுகளைச் சேர்த்த அளவு. உரிமையாளர் ஒரு வீட்டுப் பங்குதான் தருவேன் என்று நின்றார். கெஞ்சிப் பார்த்தோம், நடக்கவில்லை. கடைசியில் வேலை செய்தது பொறியாளர் வரைந்த கோடு. மண்டபத்தின் பங்கு வராவிட்டால் எஸ்டிமேட்டைக் குறைத்து, வடிகாலை அவர் கேட்டுக்குக் கீழேயிருந்து தொடங்கச் சொல்வோம் என்றோம். முகூர்த்த நாளில் மழை வந்தால் கார்களெல்லாம் எங்கே நிற்கும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அளந்தபடியே முழுப் பங்கையும் தந்தார். இரண்டு தவணையாக, ஆனாலும் தந்தார்.

பணம் சேர்ந்து டிடி எடுத்துப் போனால் அங்கே வேறு கதை. எந்த மண்டலம் என்று எழுதப்போவதில்லை. கவுண்டரில் இருந்தவர் எங்கள் கடிதத்தைப் படிக்காமலே பாதாள சாக்கடை டெபாசிட் என்று வரவு வைத்து ரசீது அடித்துவிட்டார். தெருச் சங்கத்தின் பேரில் வீட்டு இணைப்பு டெபாசிட் எப்படி வரும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கம்ப்யூட்டருக்கும் தோன்றவில்லை. திருத்தச் சொன்னால், "என்ட்ரி போட்டாச்சுங்க, கணக்குப் பிரிவைப் பாருங்க." கணக்குப் பிரிவில், "பொறியியல் பிரிவு லெட்டர் வேணும்." பொறியியல் பிரிவில், "உங்க பணம் இன்னும் வரவே இல்லையே சார்." இதற்குள் ஒரு மழை வந்து வீட்டுக்குள் கணுக்கால் அளவு நின்றுவிட்டுப் போனது. டிடி நகல், ரசீது, எஸ்டிமேட் மூன்றையும் சேர்த்து மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிய பிறகுதான் கணக்கு மாறியது. நீங்கள் கட்டும்போது ரசீதில் "பொதுமக்கள் பங்களிப்பு" என்று இருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று படியுங்கள். பின்னால் இருப்பவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

டெண்டர், வேலை எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மூடி போடும் முன்பே யாராவது குளியலறைத் தண்ணீரை இதில் இணைக்கப் பார்ப்பார்கள். இரண்டு குழாய்களை நாங்களே கண்டுபிடித்து அடைக்க வைத்தோம்.

வடிகால் வந்தால் போதாது, ஆண்டுதோறும் மழைக்கு முன் வண்டல் எடுக்க வேண்டும். அரசு தந்த பணம் கட்டுவதற்கு மட்டும்தான். ஆள் அனுப்பும்படி மாநகராட்சியிடம் மனு கொடுத்து, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வடிகால் வாயில் உள்ள கம்பிகளைச் சரிசெய்ய என்று வருடாந்திரக் கட்டணம் ஒன்றையும் அதே சதுர அடிக் கணக்கில் வைத்திருக்கிறோம். இதில் இப்போது ஒரு புதுச் சிக்கல். கொலுசுப் பட்டறைக்காரர் முற்றத்தில் பாதி சிமெண்டைப் பெயர்த்து மண்ணாக விட்டுவிட்டார், கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறார். மேட்டு வீட்டுக்காரர் அது பாதி இல்லை, கால்தான் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போகிறோம்.