குரே இல்லை, கூரே

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பத்து வருடத்துக்கு மேல் தமிழ் டைப்செட்டிங் செய்தேன். பாமினி எழுத்துருவும் பேஜ்மேக்கரும்தான் எனக்குச் சோறு போட்டன. கலியாணக் காட், நினைவு மலர், திருவிழா நோட்டீஸ், சுவாமிமார் என்று நாங்கள் சொல்லும் கத்தோலிக்கக் குருமாரின் யூபிலி மலர் என்று எல்லாம் வரும். யூபிலி மலரைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். ஆயரின் ஆசிச் செய்தி, பங்குச் சபையின் வாழ்த்து, பின்னட்டையில் நகைக்கடை விளம்பரம். பெயரும் படமும்தான் மாறும்.

2013இல் ஒரு வயதான சுவாமி வந்தார். 1963இல் குருப்பட்டம் பெற்றவர், பொன்விழா. வாழ்த்துகளை எல்லாம் பங்கு இளைஞர்கள் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். தான் எழுதியதை மட்டும் அவரே ஒரு சீ.ஆர். கொப்பியில் கொண்டுவந்தார். பதினொரு பக்கம். அதில் ஏழு பக்கம் அவரைப் பற்றியே இல்லை, அவருக்குப் பட்டம் கொடுத்த பேராயரைப் பற்றி.

அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் கூரே. நீர்கொழும்புக்காரர். 1947 முதல் 1976 வரை கொழும்புப் பேராயர், அந்த இடத்துக்கு வந்த முதல் இலங்கையர். 1965இல் கர்தினால் ஆனார், அதுவும் இலங்கையில் முதல் தடவை. நான் எல்லா இடத்திலும் 'குரே' என்று அடித்திருந்தேன். முதல் புரூஃபைப் பார்த்ததும் சுவாமி, "தம்பி, குரே இல்லை, கூரே. நெடில் போடும்" என்றார். ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினேன்.

ஏழு பக்கத்தில் முக்கால்வாசி நான் எதிர்பார்த்ததுதான். லத்தீனில் பூசை வைக்கப் படித்து வந்தவர், பூசை முறையை மாற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, சனத்தைப் பார்த்தபடி பீடத்துக்கு இந்தப் பக்கம் திரும்பித் தமிழில் வைக்கப் பழகியது. 1970 டிசம்பரில் பாப்பரசர் ஆறாம் பவுல் கொழும்புக்கு வந்தபோது சனத்துக்குள் நசுங்கியது. இவற்றை அடிக்கும்போது கை தானாகவே ஓடியது. ஐந்தாம் பக்கத்தில் நின்றுவிட்டது.

திருச்சபை போன்றவை அரசாங்க உதவியோடு நடத்திவந்த பாடசாலைகளை அரசாங்கமே பொறுப்பேற்ற சமயம் அது. 1960 டிசம்பர். கத்தோலிக்கத் தாய் தகப்பன்மார் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று பாடசாலைகளுக்குள்ளேயே போய் இருந்துகொண்டார்கள். சுவாமியின் தகப்பனாரும் பாயோடு போனவர்களில் ஒருவர். 1961 தொடக்கத்தில் ஆயர்கள் வெளியே வரச் சொன்னார்கள். வந்தார்கள். அப்போது சுவாமி அம்பிட்டிய குருமடத்தில் மாணவர். அவர் எழுதியிருந்தது இது: "அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்று கடிதம் வந்தது. பேராயர் மேல் எனக்கு வந்த கோபம் இரண்டு வருடமாகியும் தணியவில்லை."

யூபிலி மலரில் கோபமா? நான் பார்த்ததே இல்லை.

பட்டம் கொடுக்கும் சடங்கில் ஒரு கட்டம் உண்டு. புதுக் குரு தன் கூப்பிய கைகளை ஆயரின் கைகளுக்குள் வைப்பார். எனக்கும் என் பின்வருவோருக்கும் மரியாதையும் கீழ்ப்படிதலும் வாக்களிக்கிறாயா என்று ஆயர் லத்தீனில் கேட்பார். "ப்ரொமித்தோ", அதாவது வாக்களிக்கிறேன், என்று சொல்லவேண்டும். கோபத்தோடு அந்தக் கைகளுக்குள் கையை வைத்ததாகவும், முதல் தடவை சத்தமே வரவில்லை என்றும் சுவாமி எழுதியிருந்தார். பிற்காலத்தில் தன் பங்குகளில் யாருக்காவது பிடிக்காத முடிவு எடுக்க நேர்ந்தால், அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போய்க் கோபத்தை வாங்கிக்கொண்டு வருவாராம். இரண்டு வருடம் பொறுத்த தன் கோபத்தை நினைத்துத்தான் என்று எழுதியிருந்தார்.

இரண்டாம் புரூஃபில் ஐந்தாம் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு. பங்குச் சபையில் யாரோ, புனிதர் பட்டத்துக்கான முதல் படியாகக் கர்தினாலை இறை ஊழியர் என்று அறிவித்திருக்கும் நேரத்தில் இது எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். நானும் அழித்துவிட்டேன். மூன்றாம் புரூஃபில் அதே பக்கம் சிவப்பு மையில் திரும்பி வந்தது, ஒரு சொல் மாறாமல். "அடியும் தம்பி. இதை எடுத்துப்போட்டால் மிச்சம் சும்மா புகழ்ச்சி" என்றார். அந்த ஏழு பக்கத்தில் கூரே ஒரு மனிதராகத் தெரிந்தது அங்கேதான் என்று எனக்கும் பட்டது. அவரைப் புகழ்ந்த பக்கங்களில் எனக்கு இன்று ஒன்றும் ஞாபகமில்லை.

மலர் அடித்து வந்த அன்று, தேவத்த பசிலிக்காவில் கர்தினாலின் கல்லறைக்குப் போய்விட்டு நேரே அச்சகத்துக்கு வந்தார். ஒரு பிரதியைப் புரட்டினார். நாலாம் பக்கத்தில் ஒரு 'குரே' தப்பியிருந்தது. எனக்கு முகம் வெளிறிவிட்டது. சுவாமி ஒன்றும் சொல்லவில்லை. கறுப்புப் பேனை ஒன்று கேட்டார். பைண்டிங் மேசையில் உட்கார்ந்து முன்னூறு பிரதியிலும் அந்தக் 'கு'வைக் 'கூ' ஆக்கினார். இரண்டு தடவை பிளேன்டீ கொடுத்தோம்.

சுவாமியின் பிறந்த வருடமும் முதல் பக்கத்தில் தப்பாக இருந்ததை அடுத்த கிழமை நான்தான் கண்டுபிடித்தேன்.