லேசர்டிஸ்க் பிளேயரில் லேசரைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்

பெரிய ஒளித்தட்டில் பதிந்த திரைப்படத்தை லேசரால் படித்துக் காட்டும் பழைய லேசர்டிஸ்க் பிளேயர் ஒன்று தட்டைப் படிக்க மறுத்தால், அதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது "லேசர் போய்விட்டது" என்பதுதான். நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை கெட்டுப்போனதற்குக் காரணம் ரப்பர், கிரீஸ், தூசி ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருந்தது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் விற்பனைக்கு வந்த இந்த நுட்பம், 2009இல் பயோனியர் நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியதோடு முடிவுக்கு வந்தது. இன்று கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தொண்ணூறுகளில் செய்யப்பட்டவை. அத்தனை காலம் சும்மா கிடந்த பெல்ட்டும் கிரீஸும் அப்படியே இருக்க வாய்ப்பில்லை.

1984க்கு முந்தைய பிளேயர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவற்றில் இருப்பது ஹீலியம்-நியான் வாயுக்குழாய். அதை எரியவைக்க உயர் மின்னழுத்தம் தேவைப்படுவதால், அனுபவமில்லாதவர்கள் அதன் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. அந்த ஆண்டு வந்த பயோனியர் எல்டி-700 முதல் குறைக்கடத்தி லேசர் டையோடு புழக்கத்துக்கு வந்தது. அதன் ஒளி 780 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாது; தெரியவில்லை என்பதற்காக லென்ஸுக்கு நேரே குனிந்து பார்க்கக் கூடாது. ஜப்பானிலிருந்து வந்த பிளேயர் 100 வோல்ட்டுக்குரியது என்பதையும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் வீட்டுச் சுவர் பிளக்கில் சொருகினால் பழுதுபார்க்கும் வேலை இரட்டிப்பாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தட்டை ஏந்தும் டிரே வெளியே வராமல் உள்ளே முனகல் மட்டும் கேட்டால், அது பெல்ட். மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது அது பெல்ட்டாகவே இராமல், மோட்டார் புல்லியின் பள்ளத்தில் தார் போல உருகி ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. விரலில் பட்டால் சோப்புக்கும் எளிதில் போகாத அந்தக் கறுப்புப் பிசினை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பள்ளம் பளபளக்கும்வரை துடைத்த பிறகே புதிய பெல்ட்டைப் போட வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் வழுக்கும். தட்டின் இருபக்கத்தையும் தானாகவே படிக்கும் வகைகளில், லேசரும் லென்ஸும் அடங்கிய பிக்கப் கீழிருந்து மேலே வளைந்து செல்லும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகி, பிக்கப் பாதி வழியில் நின்றுவிடுவதுண்டு. அதை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவினால் போதும்.

தட்டு சுழலவே இல்லை என்றால் உடனே சுழற்றும் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். பல பிளேயர்கள் முதலில் லென்ஸை மேலும் கீழும் அசைத்துக் குவியத்தைத் தேடும். குவியம் கிடைத்த பிறகுதான் மோட்டாருக்கு ஆணை போகும். ஆகவே லென்ஸில் படிந்த புகைப்படலமே மோட்டார் பழுதைப் போலத் தோற்றம் தரக்கூடும். லென்ஸ் மிக மெல்லிய பிடிப்பில் தொங்குவதால், அழுத்தாமல் ஒருமுறை வருடினால் போதும். சிடியையும் பாடும் பிளேயராக இருந்தால் இன்னும் எளிய சோதனை உண்டு: சிடி ஒழுங்காகப் பாடினால் லேசர் டையோடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்போது சந்தேகம் மோட்டார் மீதும், தட்டின் சரிவுக்கேற்ப பிக்கப்பைச் சாய்க்கும் சாய்வு அமைப்பின் மீதும் திரும்ப வேண்டும்.

இந்தச் சாய்வு அமைப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள கனமான தட்டு ஓரங்களில் சற்றே வளைந்திருக்கும். தடங்களுக்கிடையே உள்ள தூரமோ ஏறத்தாழ 1.6 மைக்ரான்தான். லேசர் கற்றை தட்டின் மீது செங்குத்தாக விழவில்லையென்றால் பக்கத்துத் தடத்தின் படம் இதிலும் கசியும். அதைத் தடுப்பதற்காகவே ஓர் உணரி தட்டின் சரிவை அளந்து, சிறு மோட்டாரும் பற்சக்கரமும் பிக்கப்பைச் சாய்த்துக் கொடுக்கின்றன. பற்சக்கரம் விரிசல் விட்டாலோ, உணரியில் தூசி படிந்தாலோ, திரையில் சாய்வான மங்கல் பட்டைகள் ஊர்ந்து போவதைக் காணலாம். விளிம்பை நோக்கிப் போகப்போகச் சுழல்வேகம் குறையும், பக்கத்துக்கு 60 நிமிடம் ஓடும் சி.எல்.வி. தட்டில்தான் இது தெளிவாகத் தெரியும். எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும், ஒரு சுற்றுக்கு ஒரு படச்சட்டம் என்று பதிந்த 30 நிமிட சி.ஏ.வி. தட்டில் அடுத்தடுத்த தடங்களில் படத்தின் வரிகளை ஒழுங்குபடுத்தும் ஒத்திசைவுத் துடிப்புகள் வரிசையாக அமைவதால் பழுது ஒளிந்துகொள்ளும். சோதிப்பதற்கு சி.எல்.வி. தட்டையே எடுங்கள்.

படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் கொட்டினால் பிளேயரைத் தொடுவதற்கு முன் தட்டை மாற்றிப் பாருங்கள். ஒட்டப்பட்ட இரு பாதிகளுக்கிடையே அலுமினியப் படலம் அரித்துப்போகும் லேசர் ராட் என்னும் நோய்க்கு மருந்தே கிடையாது.

சர்க்யூட் போர்டில் உள்ள ப்ரீசெட்டுகள் என்னும் சிறு சரிசெய் திருகுகளைத் திருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எந்திரப் பகுதிகள் அனைத்தும் சுத்தமாகி, சர்வீஸ் மேனுவலும், மின்சமிக்ஞையின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பும் கையில் இருக்கும்போது மட்டும், பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு தொடலாம். ஏற்கெனவே யாரோ திருகிவிட்டுப் போன பிளேயரைச் சரிசெய்வதுதான் இந்த வேலையிலேயே எரிச்சலானது. மூடியைத் திறந்தபடி ஓட்டும்போது கையை விலக்கி வையுங்கள்: நிமிடத்துக்கு 1800 சுற்றில் தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தட்டு உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகப் படிக்கப்படுவதால், வளைவு அதிகமாக உள்ள கடைசிப் பத்து நிமிடங்களையும் ஓட்டிப் பார்த்து, அங்கேயும் படம் கசியாமல் இருந்தால் மூடியை மாட்டிவிடலாம்.