டேப் கறுத்தால் போதுமா?

அறுவைக் கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில், கட்டின் மேல் ஒட்டும் டேப்பில் கோடு கறுத்துவிட்டால் கருவி செட் தயார் என்று ஆப்பரேஷன் தியேட்டரில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோடு சொல்வது ஒன்றுதான்: இந்தக் கட்டு நீராவிக்குள் போய் வந்திருக்கிறது. 134 டிகிரி தேவையான நேரம் நின்றதா, கட்டின் நடுவில் காற்று தங்கிவிட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஐஎஸ்ஓ 11140-1 தரம் ரசாயன இண்டிகேட்டர்களை, அதாவது நிறம் மாறிக் காட்டும் அடையாளங்களை, 6 வகையாகப் பிரிக்கிறது. டேப்பும், பவுச்சின் (ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக் உள்ள உறை) ஓரத்தில் அச்சிட்ட கட்டமும் 1ஆம் வகை. ஆட்டோகிளேவில் போட்டதையும் போடாததையும் பிரித்துக் காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. அது சின்ன வேலையுமில்லை. போடாத செட் ஒன்று போட்டவற்றோடு கலந்து அலமாரி ஏறுவதைத் தடுப்பது அதுதான்.

உள்ளே நடந்ததைச் சொல்ல 5ஆம் வகை அல்லது 6ஆம் வகை ஸ்ட்ரிப் வேண்டும். அதையும் ட்ரேயின் மேலாகப் போட்டு மூடினால் பயனில்லை. நீராவி கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில், கருவிகளின் நடுவில் அல்லது அடுக்குகளுக்கு இடையில் வைக்க வேண்டும். மூடியுள்ள உலோகப் பெட்டி என்றால் எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொன்று. 6ஆம் வகை ஒரு குறிப்பிட்ட சைக்கிளுக்கென்றே, அதாவது இத்தனை டிகிரி, இத்தனை நேரம் என்ற ஓர் ஓட்டத்துக்கென்றே, செய்யப்படுவது. 134 டிகிரிக்கான ஸ்ட்ரிப்பை 121 டிகிரி சைக்கிளில் வைத்தால் அது காட்டுவதற்கு ஒரு பொருளும் கிடையாது. விலை பார்த்து ஸ்டோரில் ஒரே ரகமாக வாங்கிவிடும் இடங்களில் இது நடக்கிறது. நிறம் மாறாத ஸ்ட்ரிப்பைத் தினமும் பார்த்துப் பழகியவர்கள், உண்மையிலேயே லோடு (ஒரே தடவையில் உள்ளே வைத்த கட்டுகள் எல்லாம்) தவறிய அன்றும் ‘இது எப்பவும் இப்படித்தான்’ என்று தள்ளிவிடுவார்கள்.

பவுச் விஷயத்தில் முதலில் அடையாளம் காண வேண்டியது பவுச்சையே. நீராவிக்கான காகிதப் பவுச்சும், ஹைட்ரஜன் பெராக்சைடால் கிருமி நீக்கும் பிளாஸ்மா இயந்திரத்துக்கான டைவெக் (செயற்கை இழைத் தாள்) பவுச்சும் எட்ட இருந்து பார்த்தால் ஒன்றுபோல வெள்ளையாகத்தான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் டைவெக்கில் இழைகள் சுழிசுழியாகத் தெரியும். கையால் கிழித்தால் லேசில் கிழியாது. காகிதத்தைப் பிளாஸ்மாவில் வைத்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடை உறிஞ்சிக்கொள்ளும், சைக்கிள் பாதியில் நிற்கும். டைவெக்கை 134 டிகிரியில் வைத்தால் சுருங்கிப் போகும்.

சீல் குறைந்தது 6 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதில் சுருக்கமோ, குறுக்கே ஓடும் மெல்லிய கால்வாயோ இருக்கக் கூடாது. தானே ஒட்டும் பவுச்சில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மடிப்புக்கோட்டின் மேலேயே மடிக்க வேண்டும். அப்போதுதான் பசை பாதி காகிதத்திலும் பாதி பிளாஸ்டிக்கிலும் உட்காரும். கொஞ்சம் தள்ளி மடித்தால் மூலையில் ஒரு வாய் திறந்தே இருக்கும். விரலால் நீவினாலும் மூடாது. கருவியின் பிடி, பிரிக்கும் பக்கம் பார்த்து இருக்கட்டும். கூர்முனைக்குக் காற்றுப் போகும் உறை போட வேண்டும். பவுச்சை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினாலோ, உள்ளே காற்றை விட்டு ஒட்டினாலோ வெற்றிடம் இழுக்கும் கட்டத்தில் சீல் பிளக்கும்.

இப்போது ‘ஸ்மார்ட் பேக்கேஜிங்’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பொதியின் மேல் ஒட்டும் ஓர் எண்தான்: பார்கோடு, சதுர டேட்டா மேட்ரிக்ஸ் குறியீடு, ரேடியோ அலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி டேக். எந்த ஆட்டோகிளேவ், எந்த லோடு, யார் கட்டினார்கள், எந்த நோயாளிக்குப் போனது என்று அந்த எண்ணால் சங்கிலி போல இணைக்கலாம். பவுச்சில் ஊசி முனையளவு ஓட்டை இருப்பதும், கட்டு ஈரமாக வந்ததும் அதற்குத் தெரியாது. ஸ்கேனர் பச்சை காட்டியதும் கையோடு கண்ணும் வேலையை விட்டுவிடுகிறது. இந்தத் துறையில் புதிய கருவி எது வந்தாலும் இந்த ஆபத்து கூடவே வருகிறது என்பது எங்கள் அபிப்பிராயம்.

லேபிள் பிரச்சினை சில்லறையாகத் தோன்றும், ஆனால் முழு ஏற்பாட்டையும் கவிழ்க்கும். பில் அடிக்கும் சாதாரண தெர்மல் தாளில் பார்கோடு அச்சிட்டால் ஆட்டோகிளேவிலிருந்து முழுக் கறுப்பாக வெளியே வரும். அந்தத் தாளே சூட்டில் கறுப்பதற்கென்று செய்தது. ரெசின் ரிப்பனில் அச்சிட்ட செயற்கை லேபிள் வேண்டும்; மெழுகு ரிப்பன் ஈரத்தில் இழுகிவிடும். லேபிளைப் பிளாஸ்டிக் பக்கம்தான் ஒட்ட வேண்டும். காகிதப் பக்கம் ஒட்டினால் நீராவி போகிற வழியையே அடைக்கிறோம். அந்தப் பக்கத்தில் பேனாவால் எழுதுவதும் கூடாது: முனை குத்தும், மை உள்ளே ஊறும்.

ஆர்எஃப்ஐடி வாங்குபவர்கள் உலோகத்தை மறந்துவிடுகிறார்கள். ஸ்டீல் ட்ரேயோடு ஒட்டிய சாதாரண டேக் பேசாது. உலோகத்தின் மேல் வைப்பதற்கென்று இடைவெளியோடு செய்த டேக் வேண்டும், அது திரும்பத் திரும்பச் சூட்டையும் தாங்க வேண்டும். இன்னொரு சங்கடம், தூரத்திலிருந்து மொத்தமாகப் படிக்கும் வசதியே தவறுக்கும் வழி. இந்த டிராலியைப் படிக்கப்போய் பக்கத்து ரேக்கில் இருக்கும் செட்டும் ‘அனுப்பப்பட்டது’ என்று பதிவாகும். பார்கோடை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்ட வேண்டியிருப்பது மெதுவான வேலைதான். ஆனால் எடுத்த கை பவுச்சைத் திருப்பியும் பார்க்கும். சிறிய, நடுத்தர ஆஸ்பத்திரிக்கு நாங்கள் பார்கோடைத்தான் சொல்வோம். பெரிய பெட்டிகள் தொலையாமல் இருக்க ஆர்எஃப்ஐடி நல்லது.

லேபிளில் இரண்டு ஒட்டுப் பகுதிகள் இருந்தால் மேல் பகுதியைப் பிரித்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடலாம். மின்சாரம் போனாலும் சர்வர் நின்றாலும் அந்தத் துண்டு இருக்கும். அதன் அருமை, தவறிய பொதிகளைத் திரும்பப் பெறும் நாளில் தெரியும். நீராவிக்கான உயிரியல் இண்டிகேட்டரில் இருப்பது ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் வித்துகள். சைக்கிளுக்குப் பிறகும் அவை சாகாமல் வளர்ந்து காட்டினால், கடைசியாகச் சரியாக வந்த சோதனைக்குப் பின் போட்ட எல்லா லோடுகளையும் திரும்ப எடுக்க வேண்டும். லோடு எண் இல்லாத பொதி என்றால் அலமாரியையே காலி செய்ய வேண்டியதுதான். எலும்பில் வைக்கும் பிளேட், ஸ்க்ரூ இருக்கும் லோடை உயிரியல் முடிவு வரும்வரை மென்பொருளே பூட்டி வைக்க வேண்டும். அவசரத்துக்கு அந்தப் பூட்டைத் திறந்தால், திறந்தவர் பெயரும் காரணமும் பதிவாக வேண்டும். மென்பொருள் விற்பவரிடம் விலைப்பட்டியலைக் கேட்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். விற்பவர்கள் பலரும் வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டி, இதை விட்டுவிடுவார்கள்.

காலாவதித் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேதி இருக்கிறது என்பதற்காக நசுங்கிய, நனைந்த, கீழே விழுந்த பொதி நல்லதாகிவிடாது. மழைக்காலத்தில் ஏசியை இரவில் நிறுத்தும் ஸ்டோர்களில் ஈரப்பதம் ஏறி காகிதம் தொய்ந்து போகும். சூடு ஆறாத கட்டைக் குளிர்ந்த ஸ்டீல் தட்டில் வைத்தாலும் அடியில் வேர்க்கும். கம்பி அடுக்கு ரேக்கில் குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிட்டு, பிறகு தொட வேண்டும்.

ஆகவே தியேட்டரில் பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் உலர்ந்திருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது. பிறகு நான்கு பக்கச் சீல், அதன் பின் நிறக் கட்டம், லேபிள். ஸ்கேன் அதற்கப்புறம்தான். பிரித்தவுடன் உள்ளிருக்கும் ஸ்ட்ரிப்பைப் பார்த்து, அது சரியென்றால் மட்டுமே கருவி டிராலிக்குப் போகலாம். ஸ்ட்ரிப் மாறவில்லை என்றால் அந்த செட்டை மட்டும் ஒதுக்கினால் போதாது. லேபிளை அப்படியே வைத்து, அதே லோடு எண்ணுள்ள மற்ற பொதிகள் எங்கே போயின என்று சிஎஸ்எஸ்டிக்கு (ஆஸ்பத்திரியின் கிருமிநீக்கப் பிரிவு) அப்போதே போன் போட வேண்டும்.